வண்டியின் வால்

அடி அண்ணாமலை தாண்டிய வளைவில் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. போகிற வருகிற வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று பரப்பியிருந்தார்கள்.

கோதண்டராமன் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தார். கார் மகள் கவிநிலாவுடையது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இடது ஓரத்தில் ஒரு கிழவி, முதுகைக் காட்டிக்கொண்டு செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வளைவு திரும்பும்வரை கண்ணில் படவில்லை.

"யப்பா!" கவிநிலா கத்தினாள்.

பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

முன்பக்கம் கிழவியிடமிருந்து விலகியது. பின்பக்கம் விலகவில்லை. கோலிகுண்டு கொட்டிய தரையில் போவதுபோல, வண்டியின் வால் அவள் பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போனது.

இனி தன் கையில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை. பிடித்ததைப் பிடித்தபடி இருந்தது, அவ்வளவுதான்.

மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. மிதித்த காலுக்கடியில் பிரேக் கறகறவென்று அதிர்ந்தது. இடது முன்சக்கரத்தை மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்தமாதிரி இருந்தது. வீசிக்கொண்டு போன வால், மூக்கணாங்கயிற்றைச் சுண்டிய மாடு கணக்காக, மனசில்லாமல் திரும்பி வந்தது.

வண்டி நின்றது. கிழவிக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு சாண்.

அவள் நிமிர்ந்தாள். "கண்ண எங்க வச்சினு ஓட்ற, பாடையில போறவனே!"

கவிநிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கார் ஷோரூமில் வேலை. தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற விஷயம். "ஸ்டியரிங் சொல்ற பக்கம் போவாம வண்டி வேற பக்கம் சறுக்கினா, அதுவே எந்தச் சக்கரத்த புடிக்கணுமோ அத மட்டும் புடிச்சி நேராக்கிடும்பா. ஆனா நீ சரியா ஒடிக்கணும். ஒடிச்சிட்ட."

"என் லாரில இது இருந்துதா?"

"அந்தப் பழைய வண்டிலயா? எங்கப்பா இருக்கும்..."

கோதண்டராமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா ஒடிச்சேன்."

செங்கம் ரோட்டில் நடந்துபோன ஒருவன் அவர் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிச் செத்த வழக்கில், கோர்ட்டில் அவர் சொன்னது அது ஒன்றுதான். ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்று தீர்ப்பானது.

அவர் ஜெயிலில் இருந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்க்கப் போகாத கவிநிலா, இறங்கக் கதவைத் திறந்தவள், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.