தானாக இறங்கும் ட்ரோன்

அன்று கரியாலூரில் வானத்தைப் பார்க்காத ஒரே ஆள் அம்மாசிதான். ட்ரோன் வருகிறதா என்று ஊரே அண்ணாந்து நிற்க, அவர் மட்டும் தன் சாமைக் கொல்லை ஓரத்தில் குனிந்து எதையோ பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பழகிப்போச்சு சார்," என்று பக்கத்தில் நின்ற செல்லமுத்துவிடம் சிரித்தாள் எழில்மதி. சிரிப்பு உதட்டோடு சரி.

பாம்புக்கடி மருந்தை மலைக்குத் தூக்கி வரும் ட்ரோன் அது. ஆள் உதவியே இல்லாமல் தானாக இறங்கும்படி, ஆராய்ச்சிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கிடந்து செய்திருந்தாள். சென்னைக் கம்பெனி மேனேஜர் செல்லமுத்து இன்று தலையாட்டினால் அது விற்பனைக்கு வரும். இல்லையென்றால் அத்தனை உழைப்பும் மூலையில் தூசி தின்னும்.

"மத்த ஊர்லல்லாம் எறங்காமயே திரும்பிடுச்சாமே?" என்றார் செல்லமுத்து.

"மலைக்காத்து சார். ஆனா இங்க ஒரு வாட்டிகூட தப்பினதில்ல. அம்மாசி அண்ணன் மருந்த எடுத்துக்கினு, ட்ரோன பஸ்ல ஏத்தி கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிடுவாரு. றெக்கை மட்டும் லேசா நெளிஞ்சு வரும். எதுனா மரத்துல ஒரசியிருக்கும்."

செல்லமுத்து சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாமைப் பயிர்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கூட்டாளி செழியன் கிளப்பிவிட்ட ட்ரோன் ரீங்காரத்தோடு வந்து சேர்ந்தது. கதிர் தின்ன வரும் குருவிகளை விரட்டக் கட்டியிருந்த பரண்மேல் அம்மாசி நிதானமாக ஏறினார்.

ட்ரோன் வட்டமடித்தது. மறுபடியும் வட்டமடித்தது. இறங்குகிற வழியாக இல்லை. செல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

'எறங்குடா என் ராசா!' என்று எழில்மதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தொப்!

கண்ணைத் திறந்தால், ட்ரோன் சாமைப் பயிர்மேல் சொகுசாகப் படுத்திருந்தது. ஊர் கைதட்டியது. செல்லமுத்து ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். மருந்து பாட்டிலில் ஒரு கீறல்கூட இல்லை.

"அசத்திட்டம்மா! எல்லா மலைக்கும் இதையே அனுப்பிடலாம்!"

எழில்மதி வரப்பென்றும் பாராமல் குதித்தாள். செழியனுக்கு போன் போட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

பரணிலிருந்து இறங்கி வந்த அம்மாசியின் தோளைச் செல்லமுத்து தட்டிக்கொடுத்தார். "இந்த மெஷினால உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா? கூச்சப்படாம சொல்லுங்க."

அம்மாசி வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மொதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க, கல்லு ஜாஸ்தி ஆவும். இப்பல்லாம் கவண்ல ஒரே கல்லுதாங்க, வுழுந்துடுது!"