ஊக்குவிப்பு விழாவில் ஒரு மோட்டார்

காலையில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சித் தள்ளிய மோட்டார், இப்போது "ம்ம்ம்" என்று முனகியதே தவிர, சுற்றவில்லை. பள்ளி மேடைக்கடியிலிருந்து வந்த ஒயரை மாணவி ஷாலு அசைத்துப் பார்த்தாள். மிதவையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் மிதவையும் ஏறும். அது சுவிட்சைத் தட்டும். மோட்டார் தானாக ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். வியாசர்பாடியில் தரைத்தள வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?

இன்று ஓடினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தேர்வு செய்ய வந்த பாலிடெக்னிக் ஆசிரியை ஜானட் ஏற்கெனவே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மேடையில், 'இளம் விஞ்ஞானிகள் ஊக்குவிப்புப் பேரவை'யின் தலைவர் ராசையா. பேனரில் அவர் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. ஷாலுவின் பெயர் அச்சகத்தின் போன் நம்பருக்குச் சற்று மேலே இருந்தது. தலைவர் வீடியோவில் பளிச்சென்று விழவேண்டுமே! அவர் மைக்கைத் தொட்டால் போதும், போகஸ் லைட்டுகளும் ராட்சத ஃபேன்களும் உயிர்பெற்றுவிடும்.

"இன்னா பாப்பா, பயந்துட்டியா? தெகிரியமா இரு. நாங்க கீறோம்!"

கூட்டம் கைதட்டியது. மோட்டார் முனகியது.

பேசிப் பேசித் தொண்டை வறண்டு, ராசையா மைக்கை வைத்துவிட்டு சோடாவுக்குக் கை நீட்டினார். லைட்டுகள் அணைந்தன. மோட்டார் 'விர்'ரென்று சுற்றியது! ஜானட் எழுந்து அருகில் வந்தார்.

ராசையாவுக்குச் சோடா இறங்கவில்லை. பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? நம்ம ஊக்கம் குடுத்தா எப்டி ஓடுது பாரு!"

லைட்டுகள் எரிந்தன. மோட்டார் நின்றது.

"மாமு, அது உசுரோட கீதா, பூட்டுச்சா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு பரவியது.

"சாரிம்மா, எண்ணூர்ல இன்னொரு ஸ்கூலுக்குப் போகணும்" என்று ஜானட் பையை எடுத்தார்.

ஷாலு மோட்டாரை விட்டுவிட்டு, ஒயர் போன வழியே குனிந்து பார்த்தாள். அது மேடைக்கடியில் போய், போகஸ் லைட்டுகள் சொருகியிருந்த அதே பிளக் பெட்டியில் முடிந்தது.

அவள் நிமிர்ந்தபோது எதிரே ராசையா, மைக்கும் கையுமாக.

"கண்ணு, இன்னா உதவி வோணும்னாலும் கூச்சப்படாம கேளு. புது மோட்டாரு வோணுமா? பாரின் சாமான் வோணுமா? இந்த மிஷினு ஓடணும்னா பேரவை இன்னா செய்யணும்? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"லைட்ட அணைச்சிட்டுக் கம்முனு குந்துங்கண்ணா. ஓடும்."