நடுவழியில் உட்கார்ந்த இரும்புத்துகள்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே என் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். என் மாமனாரின் மூளையில் மெல்லிய ரத்தக்குழாய் கசிந்து, அங்கே ரத்தத்திலிருந்த இரும்பு தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இப்போதெல்லாம் அவர் என்னை யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஒரு தலைக்குள்ளே ஒரு மெல்லிசான ரத்தக்குழாய் இருந்தது. அது கசிந்தபோது ஒரு இரும்புத்துகள் வெளியே விழுந்து, நடுவழியிலேயே உட்கார்ந்துகொண்டது. நாக்குக்குப் போகிற ஒரு பெயர் அந்த வழியாக வந்தது.

“அண்ணே, கொஞ்சம் நகருங்க. என்னைச் சொல்லிக் கூப்பிட ஐயா காத்திருக்காரு” என்றது பெயர்.

“நான் யாருன்னு தெரியுமா? மூச்சுக்காத்தைச் சுமந்த ஆளு. நான் இல்லாம இந்த உடம்பு நடக்குமா?” என்றது இரும்பு.

“சுமந்தப்ப சரிதான். இப்ப சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க?”

குழாய்க்கு வெட்கமாகிவிட்டது. “அவரைக் கீழே விட்டது நான்தான் தங்கச்சி. திரும்ப ஏத்திக்க என்னால முடியல. அந்தப் பக்கம் ஒரு சந்து இருக்கு. சுத்துவழிதான், போய்ப் பாரேன்.”

“போ போ, நீ போய்ச் சேர்றதுக்குள்ள ஐயாவே மறந்துடுவாரு” என்று இரும்பு கேலி செய்தது.

பெயர் அந்தப் பக்கம் திரும்பியது. சந்துக்குள் வழி தப்பி, வேறு பெயர்களோடு இடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நாக்குப் பக்கம் வந்துவிட்டது. ஐயாவும் மெதுவாக வாயைத் திறந்து... கதையை முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

“முத்தரசி, கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி.”

“இதோ வர்றேன் மாமா. பாப்பா, கேட்டியா, தாத்தா என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாரு!”