வலது கண்ணின் சிவப்பு

ஞானசிங்கின் வலது கண் அன்றைக்கும் மூக்குமுட்டக் குடித்தவனின் கண்ணைப் போலச் சிவந்து பிதுங்கியிருந்தது. கண்ணாஸ்பத்திரி என்று சொல்லித்தான் மனைவி எலிசா அவரை ஆட்டோவில் ஏற்றினாள். இறங்கியதும் வாசல் பலகையை வாசித்தார்: குடிநோயாளர் மறுவாழ்வு இல்லம்.

"ஏட்டி, என்னைய ஏமாத்திக் கூட்டிட்டு வந்தியா?"

"ஏமாத்தினது நானா? இனித் தொடமாட்டேன்னு சபையில முழங்கால்போட்டுச் சொன்னது யாரு?"

இரண்டு மாதத்துக்கு முன், அவள் தம்பி ஷிபினோடு பேச்சிப்பாறையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவர், அங்கே பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடிபட்டு வந்தார். ஷிபின்தான் சேதி சொன்னான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை உரிந்திருந்த தோலுக்கு எலிசாதான் மருந்து போட்டு ஆற்றினாள். அதெல்லாம் ஆறிய பிறகுதான் கண் சிவந்தது. தலைக்குள் ஓயாத இரைச்சல் என்றார்.

"அத்தானுக்க தலைக்குள்ள ஆரல்வாய்மொழி கரண்டுக் காத்தாடில்லா சுத்துது!" ஷிபின் சிரித்தான். குவைத் போவதற்கு, தன்மேல் ஒரு கேஸும் இல்லை என்ற போலீஸ் சர்டிபிகேட்டுக்குக் காத்திருப்பவன், வேலை மெனக்கெட்டுக் கூடவே வந்திருந்தான்.

"நான் குடிக்கேன்னு யாருட்டி சொன்னா?"

"தம்பிதான். இரணியல் பிராந்திக்கடையில நீங்க நிக்கியத அவன் கண்ணால பாத்திருக்கான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா மானம் போவும், இங்க கூட்டிட்டு வான்னதும் அவன்தான்."

ஞானசிங் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். ஷிபின் போனை நோண்டத் தொடங்கினான்.

உள்ளே டாக்டரம்மா அவரை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். பிறகு, மூடிய இமைமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். குழலை எலிசாவின் காதில் மாட்டினார். உஸ்... உஸ்... நாடித்துடிப்பின் தாளத்தில் உள்ளே நிஜமாகவே காற்றாடி சுற்றியது.

"இவர் குடிக்கலம்மா. தலையில பலமா அடிபட்டா கண்ணுக்குப் பின்னால உள்ள ரத்தக்குழாய் கிழியலாம். சிலருக்கு வாரக்கணக்கா கழிச்சுத்தான் இப்படி வெளிய தெரியும். இனியும் வச்சிருந்தா பார்வை போயிரும்; இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன்." பேனாவை எடுத்தவர் நிமிர்ந்தார். "எப்படி அடிபட்டுது? அடிதடி, விபத்துன்னா போலீசுக்கும் தெரிவிக்கணும்."

"பாத்ரூம்ல வழுக்கி, டாக்டர்!" ஷிபின் முந்திக்கொண்டான்.

எலிசா அழுதுகொண்டே கணவரின் கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சிவந்த கண் ஷிபினை விட்டு அசையவே இல்லை.

"நீ ஓட்டின பைக்கு மறிஞ்சுதான் விழுந்தேன்னு இனியாவது சொல்லட்டா, மக்கா?"