பாவாடை கட்டியவன்

பூப்போட்ட பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து பெரிய டீச்சரின் மேஜைமேல் போட்டார் அந்த அப்பா. செத்த எலியைத் தூக்கி வருகிறவர்கூட அவ்வளவு முகம் சுளிக்கமாட்டார்.

"இதைக் கட்டிக்கிட்டு என் பையன் வகுப்பு நடுவுல இடுப்பை ஆட்டிக்கிட்டு நிக்கிறான் மேடம். இதுக்கா உங்க பள்ளிக்கூடத்துல கொண்டு வந்து விட்டேன்?"

பையனுக்கு நாலு வயது. தலையில் ஒரு துண்டைக் கட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தான். அதுதான் கூந்தல். கழற்ற வந்த அப்பாவின் கையை இரண்டு தடவை தட்டிவிட்டிருந்தான்.

அவன் பக்கத்தில் அவனுடைய டீச்சர் நின்றாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. பழைய துணிப் பெட்டியிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒருவரைப் போல வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். யாரென்று மற்ற பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். இன்று இவன் முறை. அம்மா, சித்தி, அக்கா என்று பிள்ளைகள் கத்த, இவன் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா உள்ளே நுழைந்தார்.

அவருக்கு டி.வி.யில் வேலை. என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் காலரைச் சரிசெய்துகொண்டு, "நாம இல்லேன்னா அங்க ஒண்ணும் ஓடாது" என்பார். அதனால் பெரிய டீச்சருக்கு அவர்மேல் தனி மரியாதை. பள்ளிக்கூடத்தை என்றைக்காவது டி.வி.யில் காட்ட ஆள் வேண்டாமா?

இத்தனைக்கும் இதே பெரிய டீச்சர்தான் போன பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஆண் பெண் என்ற பேதத்தைப் பிஞ்சு மனசில் விதைக்காதீர்கள் என்று முழங்கியவர். போலீஸ் தொப்பி போட்ட ஒரு பெண் குழந்தையின் படத்தை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறார். பெண் குழந்தை தொப்பி போட்டால் அந்தப் பள்ளிக்குப் பெருமை. பையன் பாவாடை கட்டினால் மட்டும் மானம் கப்பலேறிவிடும்.

"நான் உங்கிட்ட முன்னாடியே சொன்னேனா இல்லையா?" என்று பெரிய டீச்சர் சின்ன டீச்சரைப் பார்த்துக் கேட்டார். அவர் எதையும் சொன்னதில்லை.

அப்பா விடுவதாக இல்லை. ஆம்பளைப் பிள்ளையை ஆம்பளையாக வளர்க்க வக்கில்லாதவர்கள் எதற்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றார். வீட்டில் அம்மா கொடுக்கிற செல்லம் போதாதென்று இங்கே வேறு கூத்தா என்றார். சின்ன டீச்சர், குழந்தைகளுக்கு இது வெறும் விளையாட்டுதான் சார் என்று மெல்ல இழுத்தாள்.

"விளையாட்டா? ஆம்பள பாவாடை கட்டினா ஊரு எப்படிச் சிரிக்கும்னு உங்களுக்குத் தெரியாதும்மா. அந்தச் சிரிப்பை வாங்கிப் பாத்தாதான் தெரியும்."

ஒரு நொடி அவர் குரல் இறங்கியது. மறுபடி ஏறிக்கொண்டது. ஒன்று இந்தப் பெண் இங்கே இருக்க வேண்டும், இல்லை தன் பையன் இருக்க வேண்டும் என்று முடித்தார்.

பெரிய டீச்சர் யோசிக்கக்கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சின்ன டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலைக்காக அவள் நடையாய் நடந்தது அவளுக்குத்தான் தெரியும்.

"சரி மேடம், போறேன். ஆனா அவன் யாருன்னு யாருமே கண்டுபிடிக்கலை. பாவம், ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கான். அதை மட்டும் முடிச்சுக்கட்டும்."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. "இவங்கம்மாதான். நாள் பூரா அவ பின்னாடியே திரியறான்ல."

பையன் இல்லை என்று பலமாகத் தலையாட்டினான். மேஜைமேல் கிடந்த பாவாடையை எடுத்துச் சுற்றிக்கொண்டான். துண்டுக் கூந்தலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, இடுப்பை இரண்டு வெட்டு வெட்டி நடந்தான். நாலாவது அடியில் பாவாடை தடுக்கித் தொப்பென்று விழுந்தான். விழுந்தபடியே கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

பெரிய டீச்சர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். "ஐயோ, இது டி.வி.ல வர்ற அந்தக் கோமாளி அத்தை இல்ல? அப்படியே பண்றானே. எங்க வீட்ல அதைப் பாக்காம யாரும் சாப்பிட மாட்டோம்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. திடீரென்று அவருக்கு அவசரம் வந்துவிட்டது. போகட்டும் மேடம், சின்னப் பிள்ளை விளையாட்டுதானே, நான்தான் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், டீச்சர் நல்ல பெண், அவங்களே இருக்கட்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே பையனின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

பையன் நகரவில்லை. யாருமே சரியாகச் சொல்லவில்லையே என்ற வருத்தம் அவனுக்கு.

"அத்தை இல்ல பெரிய டீச்சர், அது எங்கப்பா. வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு கண்ணாடி முன்னாடி பழகுவாரு" என்றவன், அப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "நீங்க விழற மாதிரியே விழுந்தேனாப்பா?"