காதில் சொல்லும் பெயர்

போனைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனான்.

திரையில் அவன் அப்பன். பின்னால் சித்தப்பாமார், பங்காளிகள். வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல். உசிலம்பட்டிப் பக்கத்து வெயில் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் காய்ந்துகொண்டிருந்தது.

இங்கே ஜன்னலில் மழை. அயர்லாந்தில் எந்த நாளும் மழைதான்.

"எங்கடா, காதக் காட்டு. பிள்ளைக்குக் காது இருக்குல்ல? அங்க மாட்ட அறுக்குற மாதிரி அதையும் அறுத்துப்புட்டியா?"

பங்காளிகள் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை.

முப்பதாம் நாள் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும். பெரியவர் இருந்தால் பெரியவர். இல்லையென்றால் பெற்றவன். ஒரு தடவை காதில் ஏறிய பெயரை எந்தச் சாமியாலும் இறக்க முடியாது என்பார்கள்.

அப்பன் சொல்லப்போவது ஒச்சம்மா. செத்துப்போன அவர் தாயின் பெயர்.

அவன் எடுத்து வைத்திருப்பது நோரா.

இந்த நாட்டுப் பெயர்தான். கறி ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் பெண்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எழுதினால் ஒரு முழம், கூப்பிட்டால் ஒரு சாண். பாதி எழுத்து நடுவில் சும்மா நின்றது. அவன் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவன். சும்மா நிற்கிற எழுத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

நோராவில் எல்லா எழுத்தும் வேலை பார்த்தது.

டப்ளினில் கூப்பிடலாம். துபாயில் கூப்பிடலாம். உசிலம்பட்டியிலும் கூப்பிடலாம். அதற்காகத்தான் எடுத்தான். வாயில் நுழையவில்லை என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.

போன வாரம் அப்பன் அதைத்தான் சொன்னார்.

"நோராவா? வாயில நொழையலடா. எங்கிட்ட நிக்கிற கெடேரிக் கன்னுக்குக்கூட இதவிட நல்ல பேரு வச்சிருக்கேன்."

"ரெண்டே எழுத்து மாமா," என்றாள் அவன் மனைவி ஜெயக்கொடி.

"நீ சும்மா இரு தாயி. நர்சு வேலைக்குப் போன பொண்டாட்டி பின்னாடியே போனவன் அவன். அவன் பேச்சே சபையில ஏறாது. இதுல ஒன் பேச்சா?"

பிறகு அவனிடம் சொன்னார். "எங்காத்தா பேர வைக்கலையின்னா எனக்குக் கொள்ளி வைக்க வராத."

அவன் சரி என்றான்.

எதற்குச் சரி என்று அப்பன் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வாசலிலிருந்து அவனைக் கூட்டிப் போனவர் இதே அப்பன்தான். முறுக்குக் கம்பெனிக்காரனிடம் கையை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு, அவனை லாரியில் ஏற்றிவிட்டார். வடக்கே எங்கோ ஓர் ஊர். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. அங்கே அவனுக்குப் பெயரே கிடையாது. மொக்கராசு மகன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இங்கேயும் அவன் மொக்கராசுதான். பாஸ்போர்ட்டில் கடைசியாக நிற்கிற அப்பன் பெயரைத்தான் ஃபேக்டரியில் கூப்பிடுகிறார்கள். அவன் கத்தி பிடித்து மாட்டுத் தொடையை அறுக்கையில், முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க அந்தப் பெயர் வந்துகொண்டிருக்கும்.

அவனைக் கொடுத்தாகிவிட்டது.

மகளைக் கொடுப்பதாக இல்லை.

"டேய், சத்தத்தக் கூட்டி வையி. சொல்லப் போறேன்."

அவன் போனில் ஓரிடத்தைத் தொட்டான்.

அறையில் சத்தம் நின்றது. அவன் காதில் முன்னமே செருகியிருந்த வயரில்லா இயர்போனுக்குள் வந்து விழுந்தது.

ஒச்சம்மா.

சாய்த்துப் பிடித்த திரையில் அப்பனின் வாய் திறந்து மூடியது. ஜெயக்கொடியின் மடியில் குழந்தை தூங்கியது.

ஒச்சம்மா.

ஜெயக்கொடி நிமிர்ந்தாள். சத்தம் வராத போனைப் பார்த்தாள். அவன் காதைப் பார்த்தாள்.

ஒச்சம்மா.

மூன்றையும் அவனே வாங்கிக்கொண்டான்.

பிறகு இயர்போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். சத்தம் அறைக்குத் திரும்பியது. ஊரில் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, பிள்ளைக்குக் கேட்டுச்சா?"

அவன் ஜெயக்கொடியைப் பார்த்தான்.

"நல்லாக் கேட்டுச்சு மாமா," என்றாள் ஜெயக்கொடி.

போனை அணைத்தான்.



"என்னைக்காச்சும் தெரிஞ்சா மாமா சும்மா விட மாட்டாரு."

"தெரியட்டும்."

அவள் குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "சொல்லுங்க. நல்ல நேரம் போயிரும்."

குனிந்தான். காது மடல் இன்னும் சரியாக விரியவில்லை. தலையோடு ஒட்டிக் கிடந்தது. உதட்டை அதன்மேல் வைத்தான். எத்தனை நாளாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்த பெயர்.

"நோ..."

குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது.

அவனுக்கும் கேட்டது. அவன் தொண்டையிலிருந்துதான் வந்தது. அந்தக் கரகரப்பு, அந்த அதட்டல். அப்படியே அப்பன் குரல்.

வாயை மூடிக்கொண்டான்.

குழந்தையை அவளிடமே நீட்டினான்.

"நீ சொல்லு."

"பெத்த அப்பன் சொன்னாத்தானங்க பேரு நிக்கும்."

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் மழையில் நின்றான்.