மோதிக்கொண்ட இரண்டு வண்டிகள்

நாற்கரச் சாலையில், விளக்கில்லாத ஒரு திருப்பத்தில் ஒரு காரும் பைக்கும் மோதிக்கொண்டன. பைக்கில் வந்த பெயிண்டர் கொளஞ்சி அங்கேயே இறந்துபோனார். வழக்கு முடியட்டும் என்று இரண்டு வண்டிகளையும் காவல் நிலையத்தின் பின்புறம் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

நான்கு வருடம் பைக் காரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் தீர்ப்பு வந்தது. கொளஞ்சியின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். பைக்கை எடுத்துப்போக அவர் மனைவி அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் ஹேண்டில்பாரைத் தொட்டாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

“இது எனக்கு வேணாம் சார்” என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பைக் முதல்முறையாகப் பேசியது.

“நீ அன்னைக்கு பிரேக் போட்டே. எனக்குத் தெரியும்.”

கார் திடுக்கிட்டது. “தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பேசாம இருந்தே?”

“வேற யார்மேல நான் கோபப்படுறது?”

அதன்பின் இரண்டும் தினமும் பேசின. பைக் கொளஞ்சியைப் பற்றிச் சொல்லும், கார் கேட்கும். மகள் பிறந்த அன்று பெயிண்ட் காயாத கையோடு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, காரின் சொந்தக்காரர் இழுவை வண்டியோடு வந்தார்.

கார் கேட்டைத் தாண்டிப் போனது. பைக் மீதிக் கதையையும் சொல்லி முடித்தது.